எந்த வயதில் எத்தனை புழு?

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய இரு நாட்களை ஒட்டி, அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்து, கண்ணெதிரே மென்று விழுங்கச் சொல்கிறார்கள். 2015-இல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாள் இது. 1 வயது முதல் 19 வயது வரை அனைவருக்கும் மாத்திரை உண்டு. 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பாதி. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களையும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக, இதில் சேர்த்திருக்கிறார்கள். ஏன் 19 வயதோடு நிறுத்த வேண்டும்? பெண்களுக்கு ஏன் 30? நாற்பது வயதுக்காரரின் வயிற்றில் புழுவே இருக்காதா?

இந்த வயது வரம்புகளுக்குப் பின்னால் நிர்வாகக் காரணங்கள் பல உண்டு. பள்ளியில் பிள்ளைகள் ஒரே இடத்தில் கிடைக்கிறார்கள். ஆசிரியரே மாத்திரை கொடுத்துவிடலாம். ஆனால் அடித்தளமாக இருப்பது ஒரு வளைகோடு. கிடைமட்ட அச்சில் வயது, செங்குத்து அச்சில் அந்த வயதினர் சராசரியாகச் சுமக்கும் புழுக்களின் எண்ணிக்கை. உருளைப்புழுவுக்கும் சாட்டைப்புழுவுக்கும் உலகின் பல மூலைகளில் இதை வரைந்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே வடிவம்தான் வருகிறது. கைக்குழந்தையில் தொடங்கி விறுவிறுவென ஏறி, 5 முதல் 15 வயதுக்குள் உச்சம் தொட்டு, பெரியவர்களிடம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கொக்கிப்புழுவின் கோடோ ஏறிக்கொண்டே போய், நடுவயதில் சமதளமாகிறது. சில ஊர்களில் முதுமையிலும் இறங்குவதில்லை. ஒரே குடலில் வாழும் புழுக்களுக்கு ஏன் இத்தனை வேறுபாடு என்று கேட்டுத்தான் கணித மாதிரிகள் பிறந்தன.

கணக்கு சாத்தியமானதற்கு ஒரு காரணம் உண்டு. பாக்டீரியாவோ வைரஸோ உடம்புக்குள் நுழைந்தால் உள்ளேயே பெருகும். நுழைந்தது பத்தா ஆயிரமா என்பது சில நாட்களில் பொருளற்றுப்போகும். குடற்புழு அப்படியல்ல. பெண் உருளைப்புழு ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடுகிறது. ஆனால் அவற்றில் ஒன்றுகூடக் குடலுக்குள் புழுவாக மாறாது. மலத்தோடு வெளியேறி, மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்து, மறுபடி ஒருவர் வாய்க்குள் போனால்தான் அடுத்த தலைமுறை. கொக்கிப்புழுவின் முட்டை மண்ணில் பொரிந்து, அந்த இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு இதற்குப் பெரிய விலக்கு; அது உடம்புக்குள்ளேயே பெருகவல்லது. மற்றபடி ஒருவர் வயிற்றில் முப்பது புழு இருந்தால் முப்பது முறை நுழைவு நடந்திருக்கிறது என்று பொருள். நோயின் கடுமையும் அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. ஐந்து புழு உள்ள பிள்ளைக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். ஐம்பது இருந்தால் வளர்ச்சி தடைபடும். குடலே அடைத்துக்கொள்வதும் உண்டு.

எண்ணுவது எளிதல்ல. வழக்கமான முறை காட்டோ-காட்ஸ் சோதனை. ஜப்பானில் தோன்றிய முறையைப் பிரேசிலில் காட்ஸும் அவர் குழுவினரும் 1972-இல் செம்மைப்படுத்தினார்கள். அளவு அச்சில் பிடிக்கும் 41.7 மில்லிகிராம் மலத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் தெரியும் முட்டைகளை எண்ணி 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று கிடைக்கும். ஆனால் முட்டைக் கணக்கு புழுக் கணக்காகிவிடாது. குடலில் நெரிசல் கூடக் கூட ஒவ்வொரு பெண் புழுவும் இடும் முட்டை குறைகிறது. ஆகவே மிக அதிகச் சுமை உள்ளவரை முட்டைக் கணக்கு குறைத்துக் காட்டும். சரியான எண் வேண்டுமென்றால் மருந்து கொடுத்து, அதன்பின் கழிக்கும் மலம் முழுவதையும் சேகரித்து, கழுவி வடிகட்டி, புழுக்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். 1980-களின் நடுவில் பழவேற்காடு ஏரிக்கரையின் ஒரு மீனவ ஊரில் இந்த வேலையைச் செய்தார்கள். மெலிசா ஹாஸ்வெல்-எல்கின்ஸ், டேவிட் எல்கின்ஸ், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ராய் ஆண்டர்சன் ஆகியோர் இந்தியக் கூட்டாளிகளோடு நடத்திய ஆய்வு அது. குடற்புழுவியலின் பாடநூல்களில் அந்த ஊரின் எண்கள் இன்றும் இடம்பெறுகின்றன. மலத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுக்க ஒரு ஊரே சம்மதித்தது சாதாரண விஷயமல்ல. அந்த மீனவக் குடும்பங்களுக்கு இந்தத் துறை பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

இனி மாதிரிக்கு வருவோம். எல்லாவற்றிலும் எளியது வரவுசெலவுக் கணக்குப் போன்றது. ஆண்டுக்கு இத்தனை புழு உள்ளே வருகிறது. இருப்பதில் இத்தனை பங்கு ஆண்டுதோறும் மூப்பெய்திச் சாகிறது. உருளைப்புழுவின் சராசரி ஆயுள் ஏறக்குறைய ஓராண்டு என்று வைத்துக்கொள்வோம். பிறந்ததிலிருந்து ஒரு குழந்தைக்கு ஆண்டுக்குப் பத்துப் புழு வீதம் தொற்றினால், முதலாண்டு முடிவில் சராசரியாக 6.3 இருக்கும், இரண்டாம் ஆண்டில் 8.6, மூன்றாம் ஆண்டில் 9.5. அதற்குப்பின் வரவும் செலவும் சமமாகி, பத்தில் நின்றுவிடும். கொக்கிப்புழு சராசரியாக மூன்றாண்டு வாழ்வதாகக் கொண்டால், அதே வரவுக்கு உச்சம் முப்பது. அதை நெருங்க ஒன்பது பத்து ஆண்டுகள் பிடிக்கும்.

இந்த எளிய கணக்கிலேயே ஆழமான ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. ஒருவருக்குப் பதினைந்து வயதில் வரவு கால்வாசியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளைப்புழுச் சுமை ஓராண்டில் பத்திலிருந்து 5.3-க்கும், மூன்றாண்டில் 2.9-க்கும் இறங்கிவிடும். கொக்கிப்புழுச் சுமை மூன்றாண்டு கழித்தும் முப்பதில் பதினாறாக நிற்கும். அதாவது ஆயுள் குறைந்த புழுவின் வயதுக்கோடு, அந்தந்த வயதினர் கடந்த ஓரிரு ஆண்டில் எவ்வளவு முட்டையை விழுங்கினார்கள் என்பதைக் காட்டுகிறது. பதினெட்டு வயதில் இருக்கும் உருளைப்புழுவுக்கும் மூன்று வயதில் மண்ணில் விளையாடியதற்கும் தொடர்பே இல்லை. நீண்ட ஆயுள் கொண்ட புழுவின் கோட்டில் மட்டுமே பழைய ஆண்டுகளின் வாழ்க்கை படிந்திருக்கும்.

ஆனால் இந்த மாதிரியால் சமதளத்தை மட்டுமே விளக்க முடியும். வரவு மாறாதவரை கோடு ஏறி நிற்கும், இறங்காது. உருளைப்புழுவின் கோடு ஏன் இறங்குகிறது என்பதற்கு முன், அதை மறைக்கும் ஒரு சிக்கலைப் பார்க்க வேண்டும். சராசரிக்குப் பதிலாக, புழு உள்ளவர் எத்தனை சதவீதம் என்று வரைந்தால் கோடு இறங்குவதே சரியாகத் தெரிவதில்லை. பெரியவர்களிடமும் சதவீதம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. சதவீதத்தை மட்டும் பார்ப்பவர், எல்லா வயதினரும் ஒரேயளவு பாதிக்கப்பட்டிருப்பதாக நினைத்துக்கொள்வார்.

காரணம், புழுக்கள் மனிதரிடையே சமமாகப் பரவியிருப்பதில்லை. பிரிட்டனைச் சேர்ந்த கிராஃப்டன் 1971-இல் எழுதிய கட்டுரையில், இப்படிக் குவிந்திருப்பதே ஒட்டுண்ணி வாழ்வின் அடிப்படைக் குணம் என்று வாதிட்டார். ஒரு ஊரில் பலரிடம் புழு இல்லை அல்லது ஒன்றிரண்டுதான்; சிலரிடம் குவியல். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் ஐந்தில் நான்கு பங்குப் புழுக்களைச் சுமப்பது வழக்கம். எதிர்மறை ஈருறுப்புப் பரவல் என்னும் புள்ளியியல் வடிவம் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. அதில் குவிவின் அளவை ஒரே எண் குறிக்கும். எண் சிறுத்தால் குவிவு அதிகம். உருளைப்புழுவுக்கு அந்த எண் பெரும்பாலும் ஒன்றுக்குக் கீழ். அதை 0.5 என வைத்துக் கணக்கிட்டால், சராசரி 20 புழு உள்ள கூட்டத்தில் 84 சதவீதத்தினரிடம் புழு இருக்கும். சராசரி பாதியாகி 10 ஆனாலும் 78 சதவீதம். மறுபடி பாதியாகி 5 ஆனாலும் 70. சுமை நான்கில் ஒரு பங்காகிவிட்டது. சதவீதமோ 14 புள்ளிதான் குறைந்தது. இன்றும் பல மாவட்ட அறிக்கைகள் சதவீதத்தோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு பிள்ளை எவ்வளவு நோயுற்றிருக்கிறது என்பதைச் சொல்வது புழுச் சுமைதான்.

பழவேற்காட்டில் இன்னொன்றும் தெரிந்தது. புழு நீக்கி ஏறக்குறைய ஓராண்டு விட்டு மறுபடி எண்ணியபோது, முதல்முறை அதிகம் சுமந்தவர்களே திரும்பவும் அதிகம் சுமக்க முற்பட்டார்கள். மேற்கு வங்கத்தில் கொக்கிப்புழுவை ஆராய்ந்த ஷாடும் ஆண்டர்சனும் 1985-இல் இதே போக்கை 'சயன்ஸ்' இதழில் எழுதியிருந்தார்கள். வீட்டுச் சூழலா, பழக்கமா, மரபணுவா என்ற கேள்விக்கு நேபாளத்தின் ஜிரேல் மக்களிடம் நடந்த குடும்ப ஆய்வுகள் மரபணுவுக்கும் கணிசமான பங்கு உண்டு என்று காட்டின. ஆக, ஒரே வயதினருக்குள்ளும் பெரும் வேறுபாடு உண்டு. வயதுக்கோடு அவற்றின் சராசரியை மட்டுமே சொல்கிறது.

சரி, உருளைப்புழு ஏன் பெரியவர்களிடம் குறைகிறது? இரண்டு பதில்கள் வரிசையில் நிற்கின்றன. ஒன்று, பெரியவர்கள் மண்ணில் உருண்டு விளையாடுவதில்லை. கையை வாயில் வைப்பதில்லை. அதனால் வரவு குறைகிறது. மற்றொன்று, ஆண்டுக்கணக்காகப் புழுவோடு வாழ்ந்த உடல் மெல்லமெல்லத் தடுப்பாற்றல் பெறுகிறது. நுழையும் புழு நிலைக்க முடிவதில்லை. அதிகச் சுமை உள்ளவர்கள் இறந்துபோவதாலும் கோடு இறங்கலாம் என்பது விலங்குகளில் உண்மை. மனிதரில் குடற்புழுவால் நேரும் இறப்பு அந்தளவு இல்லை என்பதால் அதை ஒதுக்கிவிடலாம். சிக்கல் என்னவென்றால், முதல் இரண்டு விளக்கங்களும் கணிதத்தில் போட்டால் ஏறக்குறைய ஒரே வடிவக் கோட்டையே தருகின்றன. ஒரு ஊரின் ஒரு நாள் கணக்கெடுப்பை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் எது காரணம் என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகள் இந்தத் துறையை இழுத்தடித்த விவாதம் இது.

1985-இல் ஆண்டர்சனும் ராபர்ட் மேயும் 'நேச்சர்' இதழில் காட்டிய வழி, பல ஊர்களின் கோடுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது. தடுப்பாற்றல்தான் காரணம் என்றால், தொற்று கடுமையாக உள்ள ஊரில் பிள்ளைகள் விரைவாகவே அனுபவம் பெற்றுவிடுவார்கள். அங்கே உச்சம் உயரமாகவும் இளவயதிலும் வரும். தொற்று குறைந்த ஊரில் உச்சம் தாழ்வாகவும் தாமதமாகவும் வரும். பழக்கவழக்கம் மட்டுமே காரணம் என்றால் உயரம்தான் ஊருக்கு ஊர் மாறும். உச்சத்தின் வயது மாற வேண்டியதில்லை, எல்லா ஊரிலும் பிள்ளைகள் பிள்ளைகளே. இந்த 'உச்ச நகர்வை' ஆப்பிரிக்காவின் சிஸ்டோசோமா நோயில் தெளிவாகக் காண முடிந்தது. நத்தை வழியாகக் குளத்து நீரில் இறங்கி, குளிப்பவர் தோலைத் துளைத்து இரத்தக் குழாயில் குடியேறும் புழு அது. மார்க் வுல்ஹவுஸ் 1998-இல் பல ஊர்களின் தரவுகளைத் தொகுத்து எழுதினார். அதற்குமுன் 1991-இல் காம்பியாவில் ஹேகனும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு இன்னொரு சான்று. இரத்தத்தில் குறிப்பிட்ட வகை ஐ-ஜி-இ எதிர்ப்புப் பொருள் அதிகமாக இருந்தவர்களுக்கு, சிகிச்சைக்குப் பின் மறுதொற்று குறைவாக இருந்தது. அந்தப் பொருள் வயதோடு கூடியது.

உருளைப்புழுவில் வழக்கு இன்னும் முடிந்துவிடவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம் என்பதே என் கருத்து. அதைத் தெரிந்துகொள்வது அறிஞர்களின் ஆர்வத்துக்காக மட்டுமல்ல. பழக்கமே காரணமென்றால், பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுப்பதில் எந்தத் தீங்கும் இல்லை. தடுப்பாற்றல் காரணமென்றால், பல ஆண்டுகள் தொற்றைக் குறைத்தபின் பெரியவர்களாகும் தலைமுறைக்கு அந்த ஆற்றல் குறைந்திருக்கும். திட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் அவர்கள் முன்பைவிட அதிகச் சுமையைச் சந்திக்க நேரலாம்.

கொக்கிப்புழுவுக்கு வந்தால் நிலைமை வேறு. அதன் கோடு இறங்காததால், உடல் அதற்கு எதிராக வலுவான தடுப்பாற்றலைப் பெறுவதில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்றாண்டு ஆயுளுக்கு எளிய மாதிரி சொல்லும் சமதளம் பத்து வயதுவாக்கில் வந்துவிட வேண்டும். நிஜத்தில் இருபது, முப்பது தாண்டியும் ஏறுகிறது என்றால், வரவே வயதோடு கூடுகிறது என்று பொருள். வயலில் இறங்கும் வயது, வரப்போரம் ஒதுங்கும் வழக்கம் எல்லாம் அதில் அடக்கம். சீனாவின் ஹைனான் மாகாணத்தில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில் நெகாட்டர் என்ற கொக்கிப்புழு வகையின் சுமை முதியவர்களிடமே மிகுதியாக இருந்தது. நூறாண்டுக்கு முன் இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1916-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவு இலங்கையின் தோட்டங்களில் வேலையைத் தொடங்கியபோது, அதன் நோயாளிகள் வளர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள். கொக்கிப்புழு அன்று உழைப்பவர்களின் நோய். 2001-இல் உலக சுகாதார மாநாடு பள்ளிப் பிள்ளைகளில் 75 சதவீதத்தினருக்கு மருந்து என்று இலக்கு வைத்தபோது, மூன்று புழுக்களும் ஒரே திட்டத்துக்குள் வந்தன. உருளைப்புழுவின் வளைகோடு மற்றவற்றுக்கும் பொதுவாகிவிட்டது.

இதன் விளைவை மாதிரிகள் முன்கூட்டியே சொல்லின. ஆண்டர்சன் குழு 2013-இல் வெளியிட்ட கணிப்பில், பிள்ளைகளுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் சமூகம் முழுவதும் எவ்வளவு பயன் என்பது, மொத்தப் புழுக்களில் எத்தனை பங்கு பிள்ளைகளிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று வந்தது. கொக்கிப்புழு பெரும்பாலும் பெரியவர்களிடம் இருப்பதால், பள்ளி மருந்தால் மண்ணில் விழும் முட்டை சிறிதே குறையும். மருந்து எடுத்த பிள்ளைக்கே வீட்டாரிடமிருந்து திரும்பத் தொற்றும். இதைக் களத்தில் சோதித்தது கென்யக் கடற்கரையின் குவாலே மாவட்டத்தில் நடந்த டுமிகியா ஆய்வு. 2019-இல் 'லான்செட்' வெளியிட்ட முடிவுகள் இவை: ஆண்டுக்கு ஒருமுறை பள்ளியில் மட்டும் கொடுத்த பகுதிகளில் இரண்டாண்டில் கொக்கிப்புழு உள்ளவர் 18.6 சதவீதத்திலிருந்து 13.8 ஆனார்கள். ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்த இடங்களில் 17.9-இலிருந்து 8.0. ஆண்டுக்கு இருமுறை ஊர் முழுவதற்கும் கொடுத்த இடங்களில் 20.6-இலிருந்து 6.2. காகிதத்தில் போட்ட கணக்கு ஊருக்குள் உண்மையாவதைப் பார்ப்பது அரிது.

தமிழ்நாட்டிலும் அதே கேள்வி கேட்கப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, டிவார்ம்3 என்னும் பன்னாட்டு ஆய்வின் இந்தியப் பகுதியை இராணிப்பேட்டை மாவட்டத்தின் திமிரியிலும் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலையிலும் நடத்தியது. பெனின், மலாவி ஆகியவை மற்ற இரு நாடுகள். ஒவ்வொரு நாட்டிலும் 40 பகுதிகள்; அவற்றில் பாதியில் ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கு இருமுறை மூன்றாண்டுகள் மருந்து. தொடக்கக் கணக்கெடுப்பிலேயே அந்த இரு இடங்களிலும் கொக்கிப்புழுதான் பெருமளவில் இருந்தது.

கொக்கிப்புழு இரத்தம் குடிப்பதால் இந்த வயதுக்கணக்கு உயிர்க்கணக்காகிறது. அன்கைலோஸ்டோமா வகையின் ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.15 மில்லிலிட்டர் இரத்த இழப்பை உண்டாக்குகிறது. நெகாட்டர் வகை அதில் ஐந்தில் ஒரு பங்கு, 0.03. முதல்வகையில் நாற்பது புழு உள்ள பெண் ஒரு நாளைக்கு 6 மில்லிலிட்டர் இழக்கிறாள். வளமான இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். அப்படியானால் நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் இரும்பு. கொஞ்சம் குடலிலேயே திரும்ப உறிஞ்சப்பட்டாலும், மாதவிடாயால் ஏற்கெனவே இரும்பு இழக்கும் உடலுக்கு இது தாங்காத சுமை. அவள் உணவிலிருந்து நாள்தோறும் உடலில் சேர்வதே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் புழுவை விட்டுவைத்தால் ஒரு பக்கம் ஊற்றிக்கொண்டு இன்னொரு பக்கம் வடியவிடுவதாகவே முடியும். தமிழ்நாடு 20 முதல் 30 வயதுப் பெண்களைச் சேர்த்தது நல்ல முடிவு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் 15 முதல் 49 வயது வரையுள்ள, கருவுறாத பெண்களைச் சொல்கிறது. கொக்கிப்புழு மிகுந்த மாவட்டங்களில் முப்பதில் நிறுத்துவதை அந்த வளைகோட்டின் எந்தப் பகுதியும் நியாயப்படுத்தவில்லை. முப்பத்தைந்து வயதில் களையெடுக்கப் போகும் பெண்ணும், அவளோடு வயலில் நிற்கும் ஆணும் அதே மண்ணில்தான் கால் வைக்கிறார்கள்.

வயதுக்கோட்டைப் படிப்பதில் இன்னொரு எச்சரிக்கை தேவை. ஒரு நாளில் எடுத்த கணக்கெடுப்பில் உள்ள ஐம்பது வயதுக்காரர், ஐந்து வயதுக்காரரின் எதிர்காலம் அல்ல. அவர் வளர்ந்த காலத்தில் கழிப்பறை இல்லை, செருப்பு அரிது. இன்றைய பிள்ளைக்கு அவை இருக்கலாம். ஆண்டுக்கு இருமுறை மாத்திரையும் வருகிறது. அந்த மாத்திரைகளே கோட்டின் வடிவத்தை மாற்றிக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளின் பக்கம் தாழும்போது, எஞ்சும் புழுக்களில் பெரியவர்களின் பங்கு கூடும். 2015-இல் 19 வயதில் முதல் மாத்திரை வாங்கியவர்கள் இப்போது முப்பதை எட்டுகிறார்கள். அரசுத் திட்டங்கள் அவர்களை எண்ணுவதில்லை. ஏனெனில் வழக்கமான மதிப்பீடுகள் பள்ளிப் பிள்ளைகளின் மலத்தையே சேகரிக்கின்றன. அடுத்த கணக்கெடுப்பில் மாதிரி எடுக்கும் குழு பள்ளி வாசலோடு திரும்பாமல், ஊர்த்தெருவில் ஒவ்வொரு வயதுக்கும் சில வீடுகளின் கதவையாவது தட்ட வேண்டும். நாற்பது வயதுக்காரருக்கும் அறுபது வயதுக்காரருக்கும் ஆளுக்கொரு டப்பா கொடுத்தால் போதும், கோட்டின் மறுபாதியை வரைந்துவிடலாம்.